மீசை வைத்த படம்

படத்தை மூடியிருந்த துணியில் தையல் சரியில்லை. மேடையில் ஏறி உட்கார்ந்ததும் உலகம்மாளுக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஓரத்தை ஒற்றை மடிப்பாக மடித்து, நீட்டி நீட்டித் தையல் ஓட்டி, எவனோ அவசரத்தில் அடித்துக் கொடுத்திருக்கிறான். கொடித்துணிக்கு இரட்டை மடிப்பு வேண்டும், இல்லாவிட்டால் நாலு நாளில் நூல் பிரிந்து நார் நாராகத் தொங்கும் என்று அவள் புருஷன் சொல்வார். தென்காசியில் கட்சிக்காரன் எவன் செத்தாலும் அந்த மூடுதுணியைத் தைத்தது அவர்தான். ஐயர் கிடையாது, எள்ளும் தண்ணீரும் கிடையாது, பதினாறாம் நாள் படத்தைத் திறந்து வைத்துப் பேசிவிட்டுப் போவார்கள், அதுதான் கட்சி வழக்கம். யார் வீட்டுப் படத்திறப்பு என்றாலும் முந்தின நாள் சாயங்காலம் துணி அவர் தையல் மெஷினுக்கு வந்துவிடும், கூலி வாங்கமாட்டார். அவருடைய படத்துக்குத் துணி தைக்க அவளைக் கேட்டிருக்கலாம். இந்த நாலு மாதமாக அவள்தானே அந்த மெஷினை மிதிக்கிறாள். "உங்ககிட்டப் போயி இதைத் தைக்கச் சொல்றது முறையில்ல மதினி" என்று கட்சி வக்கீல் சொல்லிவிட்டார். முறை. பதினாறாம் நாள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை, அது எந்த முறையில் சேர்த்தி. மேலே கம்பியில் வளையம் கோத்துத் துணியைத் தொங்கவிட்டு வலப்பக்கம் ஒரு கயிறு விட்டிருந்தார்கள். வக்கீல் பேசி முடித்ததும் அவள் எழுந்து போய் அந்தக் கயிற்றை இழுக்க வேண்டும். பிறகு மைக்குக்கு முன்னால் நின்று இரண்டு வரி சொல்ல வேண்டும். அந்த இரண்டு வரி ஒரு துண்டுக் காகிதத்தில் அவள் உள்ளங்கையில் இருந்தது, வியர்வையில் ஓரம் நனைந்து. இடுப்பு மடியில் இன்னொரு காகிதம் இருந்தது. அது ஜெயில் முத்திரை குத்திய நீலக் கடிதம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது என்று அவளுக்குத் தெரியும், வக்கீலுக்கும் தெரியும், கொட்டகையில் இருக்கிற இந்த ஐந்நூறு பேருக்குத்தான் தெரியாது.

மாசி வெயில் பத்து மணிக்கே தகரக் கூரையில் ஏறிவிட்டது. நெசவாளர் சங்கக் கொட்டகை இத்தனை கூட்டம் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். போன வருஷம் இதே நாளில் இங்கே பூட்டுத் தொங்கியது, வாசலில் ஒரு போலீஸ்காரன் ஸ்டூல் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். இப்போது டெல்லியில் தேர்தல் என்று சொன்னாலும் சொன்னார்கள், பரணில் கிடந்த கொடியெல்லாம் இறங்கி வந்துவிட்டது. மெஷினுக்கும் வேலை வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். வக்கீல் திருமலைக்கொழுந்து மைக்கைப் பிடித்து அரைமணி நேரம் ஆயிற்று. அவர்தான் இப்போது இந்தப் பக்கத்து வேட்பாளர். நல்ல கணீர்க் குரல், ஜெயிலில் எட்டு மாதம் இருந்தும் உடைந்துபோகாத குரல். "எழிலரசு" என்றார். அவள் ஒரு கணம் யாரோ என்று நினைத்தாள். சுடலைமுத்து என்கிற தன் பேரை அவள் புருஷன் கட்சியில் சேர்ந்த புதிதில் எழிலரசு என்று மாற்றிக்கொண்டார், ஆனால் தையல் சீட்டில், ரேஷன் கார்டில், அவள் வாயில், எங்கேயும் அது ஏறவில்லை. எமர்ஜென்சியில் மிசா போட்டுப் பிடித்துக்கொண்டு போகிறபோதும் சுடலைமுத்து என்றுதான் எழுதிக்கொண்டு போனார்கள். உடம்பைத் திருப்பிக் கொடுத்த சீட்டிலும் அந்தப் பேர்தான். எழிலரசு என்கிறவர் எங்கே எப்போது செத்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. படம் வரைகிறவன் போன வாரம் வீட்டுக்கு வந்து கலியாண போட்டோவை வாங்கிக்கொண்டு போனான். நேற்று காட்டினான். மூக்குக்கண்ணாடியைக் காணோம். மேலுதட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்கி ஒரு மீசை. "அவுகளுக்கு மீசையே கெடையாதேய்யா" என்றாள். "வக்கீல்தான் வைக்கச் சொன்னாரு, தியாகி படம்னா ஒரு கம்பீரம் வேணும்லா" என்றான். பஞ்சுத் தூசி மீசையில் ஒட்டித் தும்மல் வருகிறது, தும்மல் வந்தால் பின்னாலேயே இளைப்பு வருகிறது என்று ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் பண்ணிக்கொண்ட மனிதர் அவர். காலையில் அந்த வழவழத்த உதட்டின் மேல் சோப்பு நுரை கொஞ்சம் மிச்சம் இருக்கும், முந்தானையால் துடைத்துவிடுவாள். அதை எல்லாம் படக்காரனிடம் எப்படிச் சொல்வது.

"ஊரே திரண்டது, தோழர்களே. அந்த மாவீரனின் உடல் இந்த மண்ணுக்கு வந்த அன்று, தடையை மீறி, துப்பாக்கியை மீறி, ஊரே திரண்டு கண்ணீர் வடித்ததே, மறக்க முடியுமா?" முடியாது, முடியாது என்று கூட்டத்தில் தலை ஆடியது. சிலர் துண்டால் கண்ணை ஒற்றினார்கள். உலகம்மாள் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பொய்யாக அழுகிற முகம் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு ஐப்பசி மழை. சாமான் வண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சாயங்காலத்துக்குள் முடித்துவிட வேண்டும், கூட்டம் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போனார். கூடத்தான் யார் இருந்தார்கள். தெருவில் வரிசையாகக் கதவு சாத்துகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. பக்கத்துக் கடை மைதீன் பாய் ஒரு தோள், அவள் தம்பி ஒரு தோள், மற்ற இரண்டு தோள் முனிசிபாலிட்டி ஆட்கள் கூலிக்கு வந்தவர்கள். மேலே போட ஒரு கொடி கிடையாது. ஊருக்கே கொடி தைத்தவருக்கு. மெஷின் மேல் பாதியில் நின்ற கொடித்துணி ஒன்று இருந்ததுதான், எடுத்துப் போட அவளுக்கே பயமாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டுமே. கதவு சாத்தினவர்களை மட்டும் சொன்னால் போதுமா. பக்கத்து நாற்காலியில் இருந்த சீனியம்மாள், காய்கறிக் கடைக்காரி, எதிர்வீட்டுக்காரி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நாம எப்படி அழுதோம், இல்லையாளா? எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கலையே" என்றாள். கண்ணில் நிஜத் தண்ணீர். சீனியம்மாள் அன்றைக்கு ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. "ஆமாக்கா" என்றாள் உலகம்மாள். வேறு என்ன சொல்வது. ஒரு வேளை ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து அழுதிருப்பாளோ, அழுதவள் தானே தெருவுக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாளோ. வக்கீல் சொல்லச் சொல்ல அந்த மழை நாளில் ஒவ்வொருத்தராக வந்து நிற்கிறார்கள். தெரு நிறைகிறது. கதவெல்லாம் திறந்துகொள்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் அவளுக்கே அந்தக் கூட்டம் தெரிந்துவிடும் போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை வக்கீல் வீட்டுக்கு வந்தபோது மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில்தான் உட்கார்ந்தார். அவள் புருஷன் உட்கார்ந்து பொத்தானுக்குக் காஜா எடுக்கிற முக்காலி. "ரெண்டே வரிதான் மதினி" என்று துண்டுக் காகிதத்தை நீட்டினார். என் கணவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்புப் படிப்பு, எழுத்துக் கூட்டி வாசித்தாள். "அவுக எழுதிக் குடுத்தாகளே" என்றாள். வக்கீல் தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டார். "எழுதினது யாருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும், எங்க பிளாக்குல இருந்த பத்துப் பன்னெண்டு பேருக்குத் தெரியும். ஜெயில் பேப்பரை இனி எவன் தேடப் போறான். ஜனங்களுக்கு ஒரு ஞாபகம் வேணும் மதினி. இல்லைன்னா பட்டதெல்லாம் மறந்துட்டு, அடிச்சவனுக்கே ஓட்டைப் போட்டுட்டு வந்திருவாங்க" என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல்படியில் நின்று, குரலை இறக்கி, "உங்களுக்கும் அதானே நல்லது" என்றார். அதுதான். செவ்வாயிலிருந்து அவளைத் தூங்கவிடாத வார்த்தை அதுதான். நல்லது என்றால். வக்கீலுக்குத் தெரியும் அவள்தான் எழுதச் சொல்லிக் கேட்டாள் என்று. ஆவணி மாதம் மனு பார்க்கப் போயிருந்தாள். ஜெயிலில் பார்வைக்குப் போவதற்கு மனு என்று பேர், இரண்டு கம்பி வலை, நடுவில் ஒரு முழம் சந்து, அந்தப் பக்கம் இருபது பேர் இந்தப் பக்கம் இருபது பேர், எல்லாரும் கத்திப் பேச வேண்டும். அவர் கத்த முடியாமல் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு இழுத்தது. பனியனுக்கு மேலே கழுத்தெலும்பு ஏறி இறங்கியது. பாத்திரத்தில் தூதுவளைக் கஷாயம் கொண்டுபோயிருந்தாள், வார்டர் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டான். "எழுதிக் குடுத்துட்டு வந்திருங்க" என்று அவள் கத்தினாள். இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. "எனக்குப் பயமா இருக்கு. நாலு பேரு என்னவும் சொல்லட்டும். நீங்க எனக்கு வேணும், வந்திருங்க." கலியாணமாகிப் பதினாலு வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை. சொல்ல இடம் கிடைத்தது அங்கேதான். அவர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "சரி, உலகு. எழுதிக் குடுக்கேன்" என்றார். வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

மடியில் இருந்த கடிதம் குத்தியது. மனப்பாடமான கடிதம். நீ சொன்னபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு வருத்தம் இல்லை. இங்கே பேச்சுத் துணை குறைந்துவிட்டது, அது போகட்டும். தீபாவளித் துணி நிறைய வாங்கி வைக்காதே, நான் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மெஷினுக்கு எண்ணெய் விடு. பேச்சுத் துணை குறைந்துவிட்டது என்றால் என்ன என்று அவளுக்கு உச்சிமாகாளி வந்து சொல்கிற வரை தெரியாது. பீடி சுற்றுகிற உச்சிமாகாளி, அதே பிளாக்கில் இருந்தவன், தை மாதம் வெளியே வந்து ஒருநாள் மத்தியானம் அவள் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். உள்ளே வா என்றாலும் வரவில்லை. "எழுதிக் குடுத்தவரோட பேசுறதில்லைன்னு வக்கீல் கூட்டம் போட்டுச் சொல்லிட்டாரு மதினி. நாங்களும் சரின்னுட்டோம். அவருக்குக் கக்கூஸ் பக்கம் எடம். அவரு போன அன்னைக்கு ராத்திரி இளைப்பு சத்தம் கேட்டுச்சு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. வார்டரைக் கூப்பிடணும்னா எவனாவது எந்திரிக்கணும். எவன் மொதல்ல எந்திரிக்கான்னு பாத்துக்கிட்டே கெடந்தோம். விடியப் போற நேரம் சத்தம் நின்னுட்டு. தூங்கிட்டாருன்னு நெனச்சோம்." விடுதலை உத்தரவு அதற்கு நாலாம் நாள் வந்தது. நாலு நாள். அவள் கேட்காமல் இருந்திருந்தால் அவர் எழுதியிருக்கமாட்டார். எழுதாமல் இருந்திருந்தால் பத்துப் பேர் சுற்றி இருந்திருப்பார்கள், ஒருத்தன் முதுகைத் தடவியிருப்பான், ஒருத்தன் கம்பியைத் தட்டி வார்டரைக் கூப்பிட்டிருப்பான். பிழைக்க வைக்கப் போய்ச் சாகக் கொடுத்தாள். பிள்ளையும் இல்லை, பங்கு போட்டுக்கொள்ள. ராத்திரியில் மெஷின் சக்கரம் தானாகச் சுற்றுவது போல இருக்கும், எழுந்து உட்கார்ந்தால் இந்தக் கணக்குத்தான், கேட்டாள் எழுதினார் செத்தார், கேட்டாள் எழுதினார் செத்தார். இப்போது கையில் இருக்கிற துண்டுக் காகிதம் அதை எடுத்துக்கொள்கிறேன் என்கிறது. நானும் கேட்கச் சொல்லவில்லை. ஐந்நூறு பேர் அப்படித்தான் என்று தலையாட்டிவிட்டால், நாளைக்குப் பேப்பரில் வந்துவிட்டால், அப்புறம் அவள் எப்போது கேட்டாள். கேட்கவே இல்லை. சீனியம்மாள் தெருவுக்கு வந்து அழுதது போல அவளும் வலைக்கு முன்னால் வாய் மூடி நின்றிருப்பாள், தலை நிமிர்ந்து. அவர் செத்ததற்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லாமல் போய்விடும். அந்த நினைப்பு அவளுக்கு எத்தனை இதமாக இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். ஆனால் அவள் கேட்கவில்லை என்றால் அவர் எழுதவில்லை. அவர் எழுதவில்லை என்றால் சரி உலகு என்றது யார். அவருக்குக் கொடி உண்டு, கட்சி உண்டு, முப்பது வருஷமாகச் சொன்ன கொள்கை உண்டு. அத்தனையையும் கழற்றி வைத்துவிட்டு ஒரு பொம்பிளை கேட்டாளே என்று ஒரு கையெழுத்துப் போட்டார். அவளுக்கென்று அவர் செய்தது அது ஒன்றுதான். நகை வாங்கித் தந்ததில்லை, சினிமாவுக்குக் கூட்டிப்போனதில்லை. அதையும் கொடுத்துவிட்டால் அவளிடம் என்ன மிச்சம், மெஷின்தானே.

"இப்போது வீரத்தாய் உலகம்மாள் படத்தைத் திறந்து வைப்பார்." சீனியம்மாள் தோளைத் தொட்டு எழுப்பினாள். கால் மரத்துப்போயிருந்தது. கயிறு முரடாக இருந்தது. இழுத்தாள், வளையம் ஒன்று சிக்கி, பாதித் துணி வழியில் நின்றது, ஒரு கண்ணும் அரை மீசையும் தெரிந்தது. வக்கீல் ஒரு ஆளை விட்டு மிச்சத்தை ஒதுக்கினார். கைதட்டல் தகரத்தில் பட்டுத் திரும்பியது. நெஞ்சை நிமிர்த்தி, கண்ணாடி இல்லாத கண்ணால் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார் எழிலரசு. கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு ஊசியில் நூல் கோக்கவே முடியாது. வக்கீல் மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கிவிட்டு, சால்வையை எடுத்து வைத்துக்கொண்டு, "ரெண்டே வரி" என்று மெதுவாகச் சொன்னார். காகிதத்தைப் பிரித்தாள். மை கலைந்து ஊதாவாகப் பரவியிருந்தாலும் வாசிக்க முடிந்தது. முன்வரிசையில் பிளாக்குக்காரர்களை மாலை போட்டு உட்காரவைத்திருந்தார்கள், உச்சிமாகாளி கடைசி நாற்காலியில். "அவுக எழுதிக் குடுத்தாக" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல ஒலிபெருக்கியில் போய்த் தெருமுனையில் கேட்டது. "நான்தான் எழுதச் சொன்னேன். எனக்கு வேணும்னு கேட்டேன், எனக்காக எழுதினாக." அவ்வளவுதான் சொல்ல இருந்தது. கொட்டகையில் ஒரு குழந்தை இருமியது. கூட்டம் வக்கீலைப் பார்த்தது. ஆனால் அவள் முன்வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே ஒவ்வொரு தலையாகக் கீழே போயிற்று. ஒருவர் மாலையில் இருந்த பூவைக் கிள்ளினார். ஒருவர் கட்டைவிரலைப் பார்த்தார். அவளுக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. கார்த்திகையில் சிலர், மார்கழியில் சிலர், தையில் சிலர் என்று இவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்று அவள் இதுவரை யோசித்ததில்லை, ஊரும் கேட்டதில்லை. அவர் போட்டது முதல் கையெழுத்து, அவ்வளவுதான். எழுதாத ஒருத்தர் வேண்டியிருந்தது இவர்களுக்கு, அதற்குச் செத்தவர்தான் சௌகரியம். திரும்பி வக்கீலைப் பார்த்தாள். அவர் சால்வையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார், அவரும் கார்த்திகையில் வந்தவர்தான். அவளுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து அழலாம் என்றுதான் தோன்றியது, இந்தக் கொட்டகையில், இப்போதே, அதற்கு ஒரு மேடை போதும்.

அத்தனையும் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். வக்கீல் சால்வையை அவள் தோளில் போர்த்தி, மைக்கைத் தன் உயரத்துக்கு ஏற்றினார். "பார்த்தீர்களா தோழர்களே. சர்வாதிகாரம் ஒரு தாயின் நெஞ்சை எப்படிக் குழப்பியிருக்கிறது, பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் பாருங்கள். இந்தக் கண்ணீருக்கு வருகிற இருபதாம் தேதி பதில் சொல்ல வேண்டாமா?" வேண்டும் என்றது கொட்டகை. எழிலரசு புகழ் என்று ஒருவர் எடுக்க, ஓங்குக என்று கூரை அதிர்ந்தது. குனிந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்து கை உயர்த்தின. உச்சிமாகாளி மட்டும் குனிந்தபடியே இருந்தான், கூட்டத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. உலகம்மாள் வந்து உட்கார்ந்தாள். சீனியம்மாள் கையைப் பிடித்து, "நல்லாச் சொன்னே, ஏளா. பழியெல்லாம் ஒந்தலையில போட்டுக்கிட்டியே. நீயாவது எழுதச் சொல்றதாவது, ஒன்னை எனக்குத் தெரியாதா" என்று மூக்கைச் சிந்தினாள். உலகம்மாள் மடியைத் தொட்டுப் பார்த்தாள், கடிதம் இருந்தது. இனி அதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, காட்டினாலும் எடுபடாது. பரவாயில்லை, தனக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள். கோஷம் காதில் விழாமல் இருக்கக் கண்ணை மூடினாள். ஆவணி மாதத்துக்குப் போனாள். இரண்டு வலை, நடுவில் சந்து, வார்டரின் சாவிச் சத்தம், வேட்டியில் கண்ணாடியைத் துடைக்கிற விரல், விரல் நுனியில் ஊசி குத்திய தழும்பு, எல்லாம் அப்படியே இருந்தது. அவர் தலையை நிமிர்த்தினார். வலைக்கு அந்தப் பக்கம் நின்று, சரி உலகு, எழுதிக் குடுக்கேன் என்று அசைந்த அந்த வாய்க்கு மேலே, முறுக்கி விட்ட மீசை இருந்தது.